சக்கர நாற்காலி தடுக்காமல் ஓடும் நடைபாதை: அளவுகளும் செய்முறையும்

நடைபாதை என்றதும் நம் ஊரில் முதலில் பேச்சு வருவது கல்லைப் பற்றியும் அதன் நிறத்தைப் பற்றியும்தான். சக்கர நாற்காலியில் போகிறவர் முதலில் பார்ப்பது எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, இடையில் எது மறிக்கும் என்பதை. அரை கிலோமீட்டருக்குக் கிரானைட் பதித்திருந்தாலும் நடுவில் ஒரு வீட்டு வாசலில் மூன்று அங்குலப் படி இருந்தால் அந்த நீளம் முழுவதும் அவருக்கு வீண். அந்தப் படிவரை போய்விட்டால் திரும்பியாக வேண்டும். திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும், அது பெரும்பாலும் இருக்காது. அதனால் முதலிலேயே சாலையில் இறங்கிவிடுகிறார். ஊன்றுகோல் பிடித்து நடக்கும் முதியவரும், குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளுகிறவரும் அதையேதான் செய்கிறார்கள்.

இங்கே சொல்லப்படுவது சென்னையையும் தமிழ்நாட்டின் மற்ற மாநகராட்சித் தெருக்களையும் மனதில் வைத்து. குடியிருப்போர் சங்கம், கவுன்சிலர், உதவிப் பொறியாளர், ஒப்பந்ததாரர் என்று யாரும் பயன்படுத்தலாம். அளவுகள் இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 என்ற பாதசாரி வழிகாட்டியையும், ஒன்றிய அரசு 2021-இல் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டியையும் ஒட்டியவை.

முதலில் அளந்து பாருங்கள்

ஒரு டேப், 1.2 மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியச் சட்டம், ஒரு ரசமட்டம், சுண்ணாம்புக் கட்டி. இவ்வளவு போதும். முடிந்தால் ஒரு சக்கர நாற்காலியும், அதை அன்றாடம் ஓட்டுகிற ஒருவரும் உடன் வரவேண்டும். காலையில் ஒருமுறை, மாலை 7 மணிக்கு ஒருமுறை போங்கள். காலையில் 2 மீட்டர் இருந்த இடத்தில் மாலையில் கடைப் பலகையும் நான்கு டூ வீலரும் நின்றால் அங்கே உண்மையான அகலம் 60 செ.மீ.தான்.

சராசரி அகலத்தை எழுதுவதில் பயன் இல்லை. மிகக் குறுகலான இடத்தை மட்டும் எழுதுங்கள். மின்வாரியப் பெட்டிக்கும் கடைப் படிக்கும் நடுவே எவ்வளவு, மரத்துக்கும் மதிலுக்கும் நடுவே எவ்வளவு என்று. கையால் உருட்டும் நாற்காலி 65 முதல் 70 செ.மீ. அகலம், அதோடு முழங்கை உரசாமலிருக்க இருபுறமும் கொஞ்சம் வேண்டும். ஒரு தடையைத் தாண்டும் சிறு நீளத்துக்கு 90 செ.மீ. போதும். நாற்காலியும் ஆளும் ஒருவரையொருவர் கடக்க 1.2 மீட்டர். இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே வர 1.8 மீட்டர். குடியிருப்புத் தெருவில் குறைந்தது 1.8, கடைத்தெருவில் 2.5 மீட்டர் என்று வழிகாட்டி சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். இது மரம், கம்பம், பெஞ்சு எல்லாம் போக நடக்க மிஞ்சும் அகலம். சாலையோர விளிம்பான கெர்ப் கல்லிலிருந்து மதில்வரை டேப்பை இழுத்து 1.8 என்று எழுதிக்கொள்வது ஏமாற்று.

தலைக்கு மேலேயும் பாருங்கள். 2.2 மீட்டருக்குக் கீழே தொங்கும் போர்டு, கிளை, கேபிள் வயர், மின்கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி எதுவும் பார்வையற்றவரின் கைத்தடிக்குத் தட்டுப்படாது. நேரே முகத்தில்தான் படும்.

உயரம்தான் முதல் எதிரி

நடைபாதை சாலையிலிருந்து 150 மி.மீ.க்கு மேல் உயரக்கூடாது. 100 மி.மீ. இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் நம் தெருக்களில் ஓரடி, ஒன்றரை அடி உயரம் சாதாரணம். மழைநீர் வடிகாலின் மூடிப்பலகையையே நடைபாதையாக்கிவிடுவது இதற்கு ஒரு காரணம். வடிகால் சுவர் எவ்வளவு எழுகிறதோ அவ்வளவு உயரத்தில் நடைபாதையும் போய் நிற்கிறது. உயரமாகக் கட்டினால் பைக் ஏறாது என்ற நம்பிக்கை இன்னொரு காரணம். பைக் எப்படியும் ஏறிவிடும், பாட்டிதான் ஏறமாட்டார்.

உயரத்தைச் சாய்தள நீளமாக மாற்றிப் பார்த்தால் சிக்கல் விளங்கும். சாய்வு 1:12-ஐத் தாண்டக்கூடாது. 100 மி.மீ. உயரத்துக்கு 1.2 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். 150-க்கு 1.8 மீட்டர். 300-க்கு 3.6 மீட்டர். நடைபாதையே 1.8 மீட்டர்தான் என்றால் 300 மி.மீ. உயரத்துக்கு எங்கே சாய்தளம் வைப்பது? அதனால்தான் பல இடங்களில் 60 செ.மீ. நீளத்தில் செங்குத்தாக ஒரு சிமெண்ட் சரிவைப் பூசி, பக்கத்தில் சக்கர நாற்காலிப் படம் வரைந்துவிடுகிறார்கள். 300-க்கு 60 செ.மீ. என்றால் 1:2. அதில் நாற்காலி ஏறாது, இறங்கினால் ஆள் முகங்குப்புற விழுவார்.

உயரத்தைக் குறைக்க முடியாத பழைய வடிகால் என்றால், சாய்தளத்தைச் சாலையை நோக்கி வைக்காமல் நடைபாதையின் போக்கிலேயே வையுங்கள். முனைக்கு முன்பே நடைபாதை முழு அகலத்துக்கும் 1:12 சரிவில் இறங்கி, சாலை மட்டத்தில் 1.5 மீட்டர் சமதளத்தை அடையவேண்டும். அங்கே திரும்பி சாலையைக் கடக்கலாம். குறுகலான நடைபாதைக்கும் இதுதான் சரியான வழி. அடுத்த வடிகால் டெண்டர் வரும்போது பக்கச்சுவர் உயரத்தைச் சாலை மட்டத்தோடு சேர்த்து நிர்ணயிக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி வரைபடத்தில் ஏறிவிட்டால் பாதி வேலை குறைந்துவிடும்.

சாய்தளம்: ஒவ்வொன்றாக

இடம்: ஜீப்ரா கோட்டுக்கு நேரே. முனைக்கு ஒன்று என்று மூலைவாக்கில் வைத்தால் நாற்காலி சந்திப்பின் நடுவை நோக்கி உருளும், அங்கே பேருந்து திரும்பிக்கொண்டிருக்கும். கடக்கும் திசைக்கு ஒன்று என ஒரு முனைக்கு இரண்டு வேண்டும். எதிர்ப்பக்கத்திலும் அதே நேரில் ஒன்று. நடுவில் மீடியன் இருந்தால் அதைச் சாலை மட்டத்துக்கு 1.2 மீட்டர் அகலத்தில் வெட்டித் திறந்துவிடுங்கள். இரண்டு பக்கமும் அழகாகச் சாய்தளம் வைத்து, நடுவில் செடித்தொட்டியோடு மீடியனை விட்டுவைத்த சாலைகள் ஏராளம்.

அளவு: அகலம் குறைந்தது 1.2 மீட்டர். பக்கச் சரிவுகள் 1:10, அப்போது குறுக்கே நடப்பவர் கால் தடுக்கமாட்டார். மேலே 1.2 முதல் 1.5 மீட்டர் சமதளம் கட்டாயம். இல்லாவிட்டால் ஏறி முடித்த நாற்காலி திரும்பும்போது பின்னால் சாயும்.

சாய்வைச் சோதிக்க எளிய வழி உண்டு. 1.2 மீட்டர் சட்டத்தின் மேல்முனையைச் சாய்தளத்தில் வைத்து, கீழ்முனையை ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள். கீழ்முனைக்கும் தரைக்கும் இடைவெளி 100 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் சரி. 130 வந்தால் இடித்துத் திருப்பிப் போடச் சொல்லவேண்டும். இதே சட்டத்தைக் குறுக்கே வைத்தால் நடைபாதையின் குறுக்குச் சரிவும் தெரியும். 24 மி.மீ. என்றால் 1:50. தண்ணீர் வடிய அது போதும். அதற்கு மேல் போனால் நாற்காலி சாலைப்பக்கமே இழுக்கும், ஓட்டுகிறவர் ஒரு கையால் மட்டும் தள்ளித் தள்ளி நேராக்க வேண்டியிருக்கும்.

அடி விளிம்பு: எல்லாம் சரியாக அமைந்தும் கெட்டுப்போவது இங்கேதான். சாய்தளம் சாலையைத் தொடும் இடத்தில் கெர்ப் கல்லைப் படுக்கப் போட்டு, 15 - 25 மி.மீ. மேடாக விட்டுவிடுவார்கள். தண்ணீர் உள்ளே வராமலிருக்கவாம். நாற்காலியின் முன்சக்கரம் 12 முதல் 20 செ.மீ. விட்டமுள்ள சின்னச் சக்கரம். அது அந்த விளிம்பில் மோதியதும் அப்படியே குறுக்கே திரும்பி நின்றுவிடும். வண்டியின் வேகம் நிற்காது, ஆள் முன்னால் எறியப்படுவார். 6 மி.மீ.க்கு மேல் விளிம்பு கூடாது. தட்டையாக, சாலையோடு சேர்ந்து முடியவேண்டும். தண்ணீர்ப் பிரச்சினைக்குத் தீர்வு வடிகாலின் நீர்வாங்கியைச் சாய்தளத்துக்கு மேல்பக்கம், அதாவது நீர் ஓடிவரும் பக்கம், வைப்பது. கீழ்ப்பக்கம் வைத்தால் ஒவ்வொரு மழைக்கும் அடியில் குட்டை நிற்கும்.

பரப்பு: கான்கிரீட் போட்டு, இறுகத் தொடங்கும்போது குறுக்குவாட்டில் விளக்குமாற்றால் கோடிழுத்தால் போதும். வழவழப்பான டைல்ஸ் மழையில் வழுக்கும். ஏழு நாள் நீராற்றும்போது தடுப்பு வையுங்கள், கயிறு கட்டினால் மறுநாள் காலையிலேயே டயர் தடம் விழுந்திருக்கும்.

வீட்டு வாசல்களும் கார்களும்

ஒவ்வொரு கேட் முன்பும் நடைபாதை சாலை மட்டத்துக்கு இறங்கி மறுபடி ஏறுவதுதான் நம் குடியிருப்புத் தெருக்களின் பெரிய நோய். நூறு மீட்டரில் எட்டு வாசல் என்றால் பதினாறு சரிவு. கையால் உருட்டுகிறவருக்குத் தோள் விட்டுப்போகும்.

இதற்கு ஒரே விதி: நடக்கும் பட்டை மட்டம் மாறாது, கார் ஏறி வரட்டும். சாலையோரத்தில் 50 - 60 செ.மீ. பட்டையில் காருக்கான சரிவை முடித்துவிடுங்கள். 100 மி.மீ. உயரத்துக்கு 60 செ.மீ. என்றால் 1:6. கார் சிரமமில்லாமல் ஏறும். கையால் உருட்டும் நாற்காலிக்கு 1:12 வேண்டும், இன்ஜின் உள்ள வண்டிக்கு 1:6 போதும் என்றால் செங்குத்தைக் காருக்குக் கொடுப்பதுதானே நியாயம். உயரம் 100-இல் நின்றால்தான் இந்தக் கணக்கு பலிக்கும் என்பதையும் கவனியுங்கள்.

வீட்டுத்தளம் இன்னும் மேலே இருந்தால் மீதிச் சரிவு கேட்டுக்கு உள்ளே போகவேண்டும். நடைபாதையில் நீட்டிக் கட்டிய சாய்வும் படியும் ஆக்கிரமிப்பு. ஆனால் இடிப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் வரைபடத்தைக் காட்டிப் பேசுங்கள். கார் எப்படி உள்ளே போகும் என்று புரிந்தால் சண்டை பாதியாகக் குறையும். வாசல்களின் முன்னால் 80 மி.மீ. பேவர் பிளாக் போடுங்கள். நடைக்குப் போதுமான 60 மி.மீ. கல் கார் ஏறினால் உடைந்து ஆடும்.

பைக்கைத் தடுக்கும் தூண்கள்

இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஸ்கூட்டரின் ஹேண்டில்பார் அகலமும் நாற்காலியின் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். நாற்காலி நுழையும் இடைவெளியில் ஸ்கூட்டரும் நுழையும். ஸ்கூட்டர் நுழையாதபடி தூண் நட்டால் நாற்காலியும் வெளியே நிற்கும். பைக்கைத் தடுக்க வளைகம்பியோ சுழல்கேட்டோ வைத்த இடமெல்லாம் மாற்றுத்திறனாளிகளுக்குப் பூட்டிய கதவு. தூண்கள் கார் ஏறுவதைத் தடுக்க மட்டும். ஒன்றுக்கொன்று 1.2 மீட்டர் இடைவெளி, ஒரு மீட்டர் உயரம், தலைப்பகுதியில் பளிச்சென்ற வேறு நிறப் பட்டை. தூண்களைச் சங்கிலியால் இணைக்காதீர்கள், கைத்தடி அதற்கு அடியில் போய்விடும். பைக்குக்கு மருந்து அபராதமும், பக்கத்திலேயே சாலையோரம் கோடு போட்ட பார்க்கிங் இடமும்தான்.

கல் பதிப்பது

பேவர் பிளாக் ஆடுவதற்குக் கல்லைக் குறைசொல்வார்கள். குற்றம் அடியில் இருக்கும். மண்ணை இறுக்கி, அதன்மேல் 100 - 150 மி.மீ. ஜல்லிக் கலவை போட்டு அதையும் இறுக்கி, மேலே 25 - 40 மி.மீ. மணல் மட்டும். ஜல்லித் தளம் சமமாக இல்லாததை மறைக்க மணலை 80, 100 மி.மீ. என்று கொட்டி மட்டம் பார்த்தால் முதல் மழையில் மணல் ஓடி, கல் குழியும். கல்லுக்கு நடுவே 2 - 4 மி.மீ. இடைவெளி விட்டு, நுண்மணலைப் பெருக்கி நிரப்பி, பிளேட் வைப்ரேட்டர் ஓட்டி, மறுபடி நிரப்பவேண்டும். இரண்டாவது முறை நிரப்புவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். இரு ஓரமும் கான்கிரீட்டால் இறுகியிருக்கட்டும்.

கல்லின் மேல்விளிம்பு ஆழமாகச் சரித்து வெட்டியிருந்தால் நாற்காலி ஒவ்வொரு இணைப்பிலும் அதிரும். முதுகுத்தண்டுக் காயம் உள்ளவருக்கு அது வெறும் அசௌகரியம் அல்ல, தசைப்பிடிப்பையே கிளப்பிவிடும். தட்டை விளிம்புக் கல்லைத் தேர்ந்தெடுங்கள்.

மேன்ஹோல் மூடிகள் மட்டத்தோடு மட்டமாக இருக்கவேண்டும், கூடுமானவரை நடக்கும் பட்டைக்கு வெளியே. வடிகால் பலகையில் தூக்குவதற்காக நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு வளையங்கள் காலைத் தடுக்கும். குழிக்குள் படுக்கும் வளையமாகக் கேளுங்கள். கம்பி வலையின் துளை 12 மி.மீ.க்கு மேல் போனால் முன்சக்கரமும் ஊன்றுகோல் நுனியும் இறங்கிவிடும். நீளத் துளைகள் நடக்கும் திசைக்குக் குறுக்காகவே இருக்கட்டும். மரத்தடியைச் சிமெண்டால் அடைக்காதீர்கள். வேர் எழும்பிச் சுற்றிலும் கல்லைத் தூக்கும். ஒரு மீட்டர் சதுரம் விட்டு, தரைமட்டத்தில் கம்பி வலையோ சரளையோ போடலாம்.

மஞ்சள் கற்கள்

தொட்டு உணரும் கற்கள் 1965-இல் ஜப்பானில் செய்யீச்சி மியாக்கே உருவாக்கியவை. 1967-இல் ஓக்காயாமா நகரில் முதலில் பதித்தார்கள். இரண்டே வகை: கோடுள்ள கல் ‘இப்படியே போ’ என்கிறது, புள்ளிக் கல் ‘நில், கவனி’ என்கிறது. நம் ஊரில் கடையில் எது கிடைத்ததோ அதைப் பதித்துவிடுவதால் தெரு முழுக்கப் புள்ளிக் கல்லாகவே இருக்கும். பார்வையற்றவருக்கு அது ஒவ்வோர் அடியிலும் நில் என்று சொல்வதற்குச் சமம்.

கோட்டுக் கல் வரிசைக்கு இருபுறமும் 60 செ.மீ. தடையில்லாத இடம் வேண்டும். சாய்தளத்தின் மேல்முனை, திருப்பம், பேருந்து ஏறுமிடம் ஆகியவற்றுக்கு முன் புள்ளிக் கல், ஆபத்தான விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி. வழியில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் பாதையை முன்கூட்டியே வளைத்து விலக்குங்கள். நேரே டிரான்ஸ்ஃபார்மரில் கொண்டுபோய் முடித்த மஞ்சள் கோடுகள் இல்லாத நகரம் இல்லை. மஞ்சள் நிறம் அழகுக்கு அல்ல, குறைபார்வை உள்ளவர்கள் நிற வேறுபாட்டை வைத்தே நடப்பார்கள். சாம்பல் தரையில் சாம்பல் கல் பதித்தால் பாதிப் பயன் போச்சு.

பேருந்து நிறுத்தமும் கடைகளும்

சென்னையில் 2024 முதல் ஓடும் தாழ்தளப் பேருந்துகளில் சாய்பலகை உண்டு. அது நடைபாதைமேல் விரிந்தால் ஏற்றம் குறைவு, சாலையில் விரிந்தால் செங்குத்து. எனவே பேருந்து கெர்ப் கல்லை ஒட்டி நிற்க வழிவிட்டு, ஏறுமிடத்தில் 1.5 மீட்டர் சதுரமாவது காலியாக இருக்கவேண்டும். நிழற்குடை இருக்கைகளையும் விளம்பரப் பலகையையும் அதற்குப் பின்னால் தள்ளுங்கள்.

கடைகளைத் துரத்துவது தீர்வு ஆகாது. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் சாலையோர வியாபாரிகளுக்கும் இடம் உண்டு என்கிறது. பூக்காரம்மா இருக்கும் தெருவில் இரவில் நடக்கத் துணை இருக்கிறது. சாலையோரத்தில் மரம், கம்பம், பெஞ்சு நிற்கும் வரிசையிலேயே அவர்களுக்கும் ஒரு மீட்டர் பட்டையைக் கோடு போட்டுக் கொடுத்து, நடக்கும் 1.8 மீட்டரை விட்டுவிடச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள்.

அதிகாரிகளிடம் எப்போது, எப்படி

தளர்ந்த கல், உடைந்த மூடி போன்றவற்றுக்குச் சென்னையில் மாநகராட்சியின் 1913 புகார் எண் போதும். சாய்தளம், உயரம், அகலம் போன்றவை புகார் எண்ணில் தீராது. டெண்டருக்கு முன் மதிப்பீட்டில் ஏறவேண்டும். வார்டு மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டத்தில் மனு கொடுத்து, நிகழ்ச்சிக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். மனுவில் ‘நடைபாதையைச் சீரமைக்கவும்’ என்று எழுதினால் பழைய கல்லுக்குப் புதுக்கல் வரும், அவ்வளவுதான். ‘இன்ன கதவிலக்கம் முன்பு உயரம் 280 மி.மீ., தேவை 150-க்குள். இன்ன முனையில் சாய்வு 1:4, தேவை 1:12’ என்று புகைப்படத்தோடு எழுதுங்கள்.

சட்டத்தையும் ஒரு வரி சேர்க்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பொது இடங்களை அணுகத்தக்கதாக்குவதைக் கடமையாக்குகிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் அளவுகளை வெறும் பரிந்துரையாக விட்டிருந்த விதி அந்தச் சட்டத்துக்கு முரணானது என்றது. 2025 மே மாதம், நடைபாதை பாதசாரிகளின் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும் சொன்னது. பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. வரைபடத்தின் நகலையும் மட்ட அளவுகளையும் கேளுங்கள்.

வேலை முடிந்து இறுதிப் பில் போகும் முன் சோதனை நடக்கவேண்டும். ஒவ்வொரு சாய்தளத்திலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அடியில் தேங்குகிறதா என்று பாருங்கள். கையால் உருட்டும் நாற்காலி ஒன்று, ஆள் தள்ளும் நாற்காலி ஒன்று, வெள்ளைக் கைத்தடியோடு ஒருவர் எனத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வேறு யார் உதவியும் இல்லாமல் போய்வரட்டும். நின்ற இடத்திலெல்லாம் சுண்ணாம்பால் குறியிடுங்கள், ஒப்பந்ததாரர் அதைச் சரிசெய்த பிறகு கையெழுத்து.

அதன் பிறகும் இரண்டு ஆபத்து. ஒன்று, சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போடுவது. 40 மி.மீ. அடுக்கு ஒன்று ஏறினால் சாய்தளத்தின் அடி சாலையைவிடத் தாழ்ந்து குழியாகிவிடும், மழைநீர் அங்கேதான் நிற்கும். பழைய தாரைச் சுரண்டிய பிறகே புதிது போடவேண்டும் என்று 2021-இல் தமிழகத் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். தார் இயந்திரம் தெருவுக்குள் வரும் அன்று அந்த நகலோடு ஒருவர் நிற்பது நல்லது. இன்னொன்று, கேபிளுக்கும் குழாய்க்கும் தோண்டுவது. தோண்டிய மண்ணை ஒரே வீச்சில் தள்ளி மேலே கல்லை அடுக்கினால் ஒரு மாதத்தில் பள்ளம் விழும். 15 செ.மீ. அடுக்கு அடுக்காக நனைத்து இடித்து, ஜல்லியும் மணலும் பழைய கனத்துக்குப் போட்டு, அதே கல்லை அதே மட்டத்தில் பதிக்கவேண்டும். மூடியதும் 1.2 மீட்டர் சட்டத்தை அந்தத் தழும்பின் குறுக்கே வைத்துப் பாருங்கள். அடியில் 6 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் தோண்டியவரையே திருப்பிக் கூப்பிடுங்கள்.